அந்தப் போல்ட்டை இறுக்கியவர் யார்? கார் சர்வீஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி டீலர்ஷிப்பின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், கார் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும்,

‘உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்த்து வைக்கப்பட்டது’ என்று டிசம்பர் 2 அன்று என் போனுக்கு உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. உங்களிடம் சர்வீஸ் முடிந்த மறுநாளே என் காரின் இன்ஜின் ஆயில் நெடுஞ்சாலையில் கொட்டிப்போனது பற்றிய புகார் அது. யாருக்குத் திருப்தி என்று அதில் இல்லை. எனக்கு இல்லை.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி எண், ஜாப் கார்டு எண் எல்லாம் நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களிலும் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து வந்த பதில், அடுத்த சர்வீஸில் லேபர் சார்ஜுக்கு 50 சதவீதத் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி எனக்கு வேண்டாம். நடந்ததை முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு, கடைசியில் நான் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும்.

என் வண்டி 2021 ஜூனில் வாங்கியது. 1.2 லிட்டர் பெட்ரோல். எங்கள் ஊரில் கைராசியான மெக்கானிக்குகள் மூன்று பேரை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் என் தெருவிலேயே இருக்கிறார். இருந்தும் நாலு வருஷமாக ஒரு சர்வீஸையும் வெளியே கொடுத்ததில்லை. காசு கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருக்கிறேன், அது 2026 ஜூன் வரை ஓடுகிறது, வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை நம்பித்தான் நவம்பர் 12, புதன்கிழமை காலை 9 மணிக்கு 60,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன்.

வண்டியை வாங்கிக்கொண்ட அட்வைசர் தம்பி மரியாதையான பையன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் கரி நீக்கும் டீகார்பனைசிங், ஏசியில் கிருமி நீக்கும் டிஸ்இன்ஃபெக்‌ஷன் இரண்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். வண்டியோடு வந்த கையேட்டில் 60,000 கிலோமீட்டருக்கு என்னென்ன என்று பட்டியல் இருக்கிறது, அதில் இந்த இரண்டும் இல்லை, வேண்டாம் என்றேன். சாயங்காலம் பில்லில் இரண்டும் இருந்தன. நீக்கச் சொன்னேன், நீக்கினார். இது வழக்கமாக நடப்பதுதான், விடுங்கள்.

6.30 மணிக்கு வண்டி வாட்டர் வாஷ் முடிந்து பளபளவென்று வந்து நின்றது. கூடவே ஒரு செக்லிஸ்ட். நாற்பதுக்கு மேல் வரிகள், எல்லா வரிக்கும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. ‘இன்ஜின் ஆயில் கசிவு – சோதிக்கப்பட்டது’ என்ற வரிக்கும் டிக் இருந்தது. கேட் பாஸைக் கையில் கொடுக்கும்போது அந்தத் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நாளைக்குக் கம்பெனியிலேர்ந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து சொல்லிருங்க. ஒம்பது சொன்னாக்கூட எனக்கு ஃபெயில்தான்.”

மறுநாள் காலை 6 மணிக்கு என் அம்மாவை ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். அம்மாவுக்கு 78 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள், 10 மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். ஐப்பசி அடைமழை. கங்கைகொண்டான் தாண்டி, கயத்தாறுக்குக் கொஞ்சம் முன்னால், மீட்டரில் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை வாசிக்கும் மற்ற வண்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆயில் கொஞ்சம் குறைந்துவிட்டது, அடுத்த பங்கில் ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் விளக்கு இல்லை அது. பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அழுத்தமே விழுந்த பிறகுதான் எரியும். அப்போது உள்ளே கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் அறுந்து, உலோகமும் உலோகமும் உரச ஆரம்பித்திருக்கும். ‘ஊர் வந்துவிட்டதே’ என்று இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்து நின்றுவிடக்கூடும். நான் உடனே ஓரம் கட்டி அணைத்தேன். உடனே என்றாலும், நாலு வழிச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவன் லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கச் சில நூறு மீட்டர் ஓடத்தான் செய்யும். அந்தச் சில நூறு மீட்டரில் இன்ஜினிலிருந்து ‘கடகட’ சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால், ஈரமான தார் ரோட்டில் நான் வந்த வழி நெடுக வானவில் நிறத்தில் ஒரு கோடு. மழை அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் ராத்திரி தெருவில் மழையில் நின்ற வண்டி அது. அடியில் சொட்டியிருந்தால்கூடக் காலையில் எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் சாலை உதவி எண்ணை அழைத்தேன். இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு லாரிகள் உரசிப் போகிற ரோட்டில், மழையில், இரண்டரை மணி நேரம். பாளையங்கோட்டையிலிருந்து என் சித்தப்பா மகன் வந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போனான். போகிற போக்கில் அம்மா சொன்னாள்: “சர்வீஸுக்கு விட்டதுக்கு, விடாமலே வச்சிருந்திருக்கலாம் போலுக்கே.”

வழியில் நிறுத்திக் கேட்ட ஒரு மினி லாரி டிரைவர், கயத்தாறிலிருந்து ஒரு மெக்கானிக்கை பைக்கில் அழைத்து வந்தார். அந்த மெக்கானிக் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. “அண்ணாச்சி, ஆயில் சம்ப் போல்ட்டு கையாலயே சுத்துது, பாத்தியளா” என்றார். சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட் அது. நானும் குனிந்து பார்த்தேன், போனில் படமும் எடுத்தேன். இறுகவும் இல்லை, கழன்று விழவும் இல்லை. போட்ட இடத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றிக் கையில் கொடுத்தார். போல்ட்டின் மரைக்குள், அதாவது திருகு வரிகளுக்குள், வெள்ளை வெள்ளையாக அலுமினியச் சுருள். சம்பின் மரையை வழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

அவர் சொன்ன விளக்கம் இது. ஆயிலை வடித்துவிட்டுப் போல்ட்டைத் திரும்பப் போடும்போது முதல் மூன்று நாலு சுற்றாவது கைவிரலால் ஏற்ற வேண்டும். நேராக உட்கார்ந்துவிட்டதென்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனர். எடுத்த எடுப்பில் காற்றழுத்தத்தில் இறுக்கும் ஏர் கன்னை வைத்தால் போல்ட் கோணலாக ஏறி மரையை அறுத்துவிடும். அப்போதைக்கு இறுகினதுபோல இருக்கும், ஆயிலும் நிற்கும். நெடுஞ்சாலையில் சூடும் அதிர்வும் சேர்ந்தால் வெளியே கொட்டும்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். அந்தப் போல்ட்டில் ஒரு வாஷர் இருக்கிறது. நசுங்கித்தான் ஓட்டையை அடைக்கும், அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். என் போல்ட்டில் இருந்தது தட்டையாக நசுங்கி, ஓரம் கறுத்துப்போன பழைய வாஷர். உங்கள் பில்லை வண்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ‘டிரெய்ன் பிளக் வாஷர் – 1’ என்று (அந்தப் போல்ட்டுக்குத்தான் டிரெய்ன் பிளக் என்று பெயர்) தனி வரி போட்டு, விலை போட்டு, ஜிஎஸ்டியும் போட்டிருக்கிறீர்கள். சில்லறைக் காசுதான். அந்தச் சில்லறைக் காசு வாஷரை மாற்றியிருந்தால், மாற்றுகிறவர் போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். மரையும் கண்ணில் பட்டிருக்கும்.

வழிந்த மரைக்கு அதே போல்ட் நிற்காது. ஓவர்சைஸ் போல்ட் ஒன்றைப் புது வாஷரோடு ஏற்றி, கயத்தாறில் கிடைத்த ஆயிலை ஊற்றி, “மெதுவா ஊருக்குத் திரும்பிப் போங்க, மதுரை வேண்டாம்” என்று அனுப்பினார். கூலியாக அவர் கேட்டது 300 ரூபாய்.

அன்று மத்தியானமே வண்டியோடு உங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய போல்ட்டையும் வாஷரையும் மேஜைமேல் வைத்தேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. கல் அடித்திருக்கும் என்றார் முதலில். கல் அடித்தால் சம்பில் பள்ளம் விழும், போல்ட்டின் மரைக்குள் அலுமினியம் எப்படி வரும் என்று கேட்டேன். சரி என்று அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். வெளி மெக்கானிக் ஓவர்சைஸ் போல்ட் போட்டதால்தான் சம்ப் கெட்டது, இந்த வண்டிக்கு 0டபிள்யூ20 ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும், ஊற்றியிருப்பதோ 5டபிள்யூ30, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை. அதோடு நிற்கவில்லை. ‘வெளியாள் வேலை செய்திருக்கிறார்’ என்று என் வண்டியின் சர்வீஸ் பதிவில் அப்போதே ஏற்றிவிட்டார். சம்ப் மாற்ற 11,400 ரூபாய்க்கு எஸ்டிமேட்டும் கொடுத்தார்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் சரியாகப் பொருத்தாமல் விட்ட போல்ட்டால் என் ஆயில் ரோட்டில் போயிற்று. நீங்கள் வர இரண்டரை மணி நேரம் ஆகும் என்றதால் இன்னொருவர் வந்து அடைத்தார். அடைத்தவர்தான் குற்றவாளி என்று பதிவாகிவிட்டது. நாளைக்கு அந்தப் பேரிங் போய் இன்ஜின் தட்ட ஆரம்பித்தால், இந்த ஒரு வரியைக் காட்டி வாரண்டி கிடையாது என்பீர்கள். எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் 11,400 ரூபாய் இல்லை, அந்த ஒரு வரி.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் மின்வாரியத்தில் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். எங்களிடம் ‘லைன் கிளியர்’ என்று ஒன்று உண்டு. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால், மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று கையெழுத்தோடு அனுமதி வாங்குவோம். வேலை முடிந்ததும், என் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், எர்த் கம்பியை எடுத்தாயிற்று என்று, வாங்கின ஆளே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் லைனில் மறுபடி மின்சாரம் ஏறும். அந்தக் கையெழுத்தை ஆபீஸில் உட்கார்ந்து வேறொருவர் போட முடியாது. பார்க்காமல் ஒருவர் போட்டால் மேலே இருக்கிறவன் கருகிப் போவான். ஒரு தவறுகூட நடக்காத இடம் என்று எங்கள் வாரியத்தைச் சொல்ல வரவில்லை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தவறு நடந்தால் யார் கையில் நடந்தது என்று தெரிந்துவிடும்.

உங்கள் செக்லிஸ்ட்டில் கையெழுத்து அட்வைசருடையது. அவர் அன்றைக்கு வண்டியை ஏற்றி வேலை பார்க்கும் ராம்ப் பக்கமே போகவில்லை என்று அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். போல்ட்டைப் போட்டது யார் என்று கேட்டதற்கு மூன்று பேரிடம் மூன்று பதில் வந்தது. ஐடிஐ முடித்த பயிற்சிப் பையன் ஒருவன் ஆயிலை வடிய விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான், வேறொருவர் வந்து முடித்தார் என்று ஃப்ளோரில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். அது உண்மையா என்று பார்க்கத்தான் மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரையிலான சிசிடிவி பதிவைக் கேட்டேன். கஸ்டமருக்குக் காட்டுவது கம்பெனி பாலிசி இல்லையாம்.

அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்களோ என்பதுதான் என் பயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கையால் ஏற்றிவிட்டு ஸ்பேனரை எடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதது உங்கள் குறை. வடிந்துகொண்டிருக்கும் வண்டியைக் கைமாற்றும்போது எழுதி வைக்க ஒரு தாள்கூட இல்லாததும் உங்கள் குறை. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்த வண்டியை ராம்பில் ஏற்றச் சொல்கிற அவசரம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது முதல் தடவையும் இல்லை. போன வருஷம் டயர்களை இடம் மாற்றிக் கொடுத்தீர்கள். இரண்டு வாரம் கழித்து வள்ளியூரில் பஞ்சர் ஆனபோது வண்டியோடு வந்த ஸ்பேனரால் ஒரு நட்டைக்கூட அசைக்க முடியவில்லை. பஞ்சர் கடைக்காரர் ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்துக் கழற்றினார். வீல் நட்டுக்கு இவ்வளவுதான் இறுக்கம் என்று கையேட்டில் எண் இருக்கிறது, அந்த எண்ணைப் பார்க்க டார்க் ரெஞ்ச் என்ற கருவியும் உங்கள் சுவரில் தொங்குகிறது. தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் ஏசி ஃபில்டரைத் தலைகீழாக மாட்டியிருந்தீர்கள், அம்புக்குறி மேலே பார்க்க. அதை நானே திருப்பி மாட்டிக்கொண்டேன். அப்போதெல்லாம் போன் வந்தபோது பத்துக்குப் பத்து சொன்னவனும் நான்தான். அந்தத் தம்பிகளின் சம்பளத்தில் கை வைக்க மனசு வரவில்லை. இப்போது யோசித்தால், உங்கள் பதிவேட்டில் நான் ஒரு குறையும் சொல்லாத வாடிக்கையாளர். அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 14ஆம் தேதியும் போன் வந்தது. எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். பூஜ்யம் என்றேன். காரணம் கேட்கவில்லை. “நன்றி சார், நல்ல நாளாக அமையட்டும்” என்று வைத்துவிட்டார்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவைக் குறைபாடு’ என்றால் என்ன என்று 2(11) பிரிவில் சொல்கிறது. நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்கும் கவனக்குறைவு அதில் அடங்கும். அவருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதே பிரிவில் அடங்கும். சிசிடிவி பாலிசியை இந்தக் கடைசி வாக்கியத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன்.

நான் கேட்பது இதுதான். என் சர்வீஸ் பதிவில் ‘வெளியாள் வேலை செய்திருக்கிறார்’ என்று எழுதியதை நீக்கி, நவம்பர் 12 அன்று உங்கள் பட்டறையில் சம்ப் போல்ட் சரியாகப் பொருத்தப்படவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். மற்றது எதற்கும் காத்திருப்பேன், இதற்குக் காத்திருக்க மாட்டேன்.

சம்பைக் கழற்றப் போவது எப்படியும் நீங்கள்தான். கழற்றும்போது பேரிங்குகளை என் கண் முன்னால் பாருங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று காட்டுங்கள். திரும்பப் பூட்டியபின் கேஜ் வைத்து ஆயில் அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சம்ப், ஆயில், லேபர் எதற்கும் என்னிடம் பணம் வாங்கக்கூடாது. ஆயில் இல்லாமல் ஓடிய அந்தச் சில நூறு மீட்டரால் பின்னால் பழுது வந்தால், 2026 ஜூனுக்குப் பிறகு வந்தாலும், அது உங்கள் பொறுப்பு என்ற உறுதிமொழியும் எழுத்தில் வேண்டும்.

நவம்பர் 12ஆம் தேதி சிசிடிவி பதிவை அழிக்காமல் வையுங்கள். நவம்பர் 17 அன்று எழுதிய முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். தானாக அழிந்துவிட்டது என்று இனிமேல் சொல்ல முடியாது.

எனக்கு மட்டும் இல்லாமல் அங்கே வண்டி விடுகிற எல்லாருக்குமாக இன்னும் ஒன்று. ஆயில் போல்ட், ஆயில் ஃபில்டர், வீல் நட், பிரேக் ஆகிய நாலுக்காவது, வேலை செய்தவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இன்னொருவர் பார்த்துவிட்டு அதன் கீழே போடட்டும். மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு வண்டியோடு கொடுங்கள், வாஷர் உட்பட. மதிப்பெண் கேட்கிற போனை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு செய்யுங்கள். பத்துக்குக் குறைந்தால் அட்வைசர் சம்பளத்தில் கை வைப்பதை நிறுத்துங்கள். அவர்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும் வரைக்கும் நாங்கள் உண்மையைச் சொல்ல மாட்டோம்.

ஜனவரி 5க்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். போனில் வேண்டாம். அம்மாவின் செக்கப்பை வாடகைக் காரில் போய் முடித்துவிட்டு வந்தோம், அந்த 4,200 ரூபாய்க்கான ரசீதை இந்த மடலோடு அனுப்பும் மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன்.

பழைய போல்ட்டும் வாஷரும் என்னிடம்தான் இருக்கின்றன, மரையில் அந்த அலுமினியச் சுருளோடு. பார்க்க வேண்டுமானால் உங்கள் ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள். காட்டுவேன், கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
மின்வாரிய ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர்,
திருநெல்வேலி